இடுப்பில் கோடில்லாத ஏழு

முதலியார்பேட்டை, புதுச்சேரி
3 ஜூன் 2007

அன்புத் தம்பி இளஞ்செழியனுக்கு,

நானும் தீபாவும் சுகமாக இருக்கிறோம். உன் மூட்டுவலியும் கமலவேணியின் இருமலும் தணிந்தனவா என்று அறிய விருப்பம். போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் பேசினால், யார் என்ன சொன்னார்கள் என்று மறுநாள் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் தீபாவின் கோச் கலியபெருமாள் வீட்டுக்கு வந்தார். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை. காலையும் மாலையும் கோரிமேடு போகிற வழியில் ஒரு சரளைக்கல் மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறார். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். "டீச்சரம்மா, நம்ம தீபா டிராஃப்டுக்குப் போவுது" என்றார். நான் மறுநாள் காலை பேங்கில் போய் வரிசையில் நின்றேன். யார் பெயருக்கு டிராஃப்ட் என்று கவுண்டரில் கேட்டபோதுதான் எனக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது. கலியபெருமாள் அதைக் கேட்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். "யம்மா, அந்த டிராஃப்ட் இல்லம்மா. ஆறு டீமு, ஒரு லிஸ்டு. ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா வந்து, எனக்கு இந்தப் பொண்ணு வேணும்னு எடுத்துக்குவாங்க. அதான் டிராஃப்ட்டு."

தென்மண்டல இளையோர் பெண்கள் லீக் என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம். செப்டம்பரில் சென்னையில் தேர்வு. எடுக்கப்பட்ட பெண்ணுக்கு இரண்டு வருஷம் விடுதி, பள்ளிக்கூடம், செயற்கைப் புல் விரித்த மைதானம். இந்தப் பிரிவுக்கு வயது போய்விட்டால் பிறகு வாய்ப்பில்லை.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் டிராஃப்ட் என்றால் புருய்யோன், அடித்துத் திருத்தி எழுதும் முதல் பிரதி. என் பெண் முதல் பிரதி அல்ல. நாற்பத்து மூன்று வயதில் நிதானமாக எழுதிய நல்ல பிரதி. அவளை ஒருவர் வரிசையில் நின்று எடுத்துக்கொள்வது என்பது கேட்கவே விநோதமாக இருக்கிறது. ஆனால் அவள் ஆடுவதை நீ பார்த்ததில்லை. பந்து அவளிடம் வந்ததும் மைதானத்தில் மற்ற எல்லாரும் கொஞ்சம் மெதுவாகிவிடுவதுபோல் எனக்குத் தோன்றும்.

படிவத்தை நானே நிரப்பினேன். கோச்சின் கையெழுத்து கோழி நடந்த மாதிரி. நான் எழுதியதை எங்கள் கன்னியாஸ்திரி டீச்சர் மா சேர் அஞ்செல் பார்த்திருந்தால் சட்டம் போட்டு வகுப்பில் மாட்டியிருப்பார்.

நீ ஒரு காலத்தில் மில் டீமில் ஆடியவன். இப்போதும் ஹாக்கிக்கு நடுவில் குடியிருக்கிறாய். பெற்றவள் இதில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது? நம்பர் போட்டு எழுது.

உன் அக்கா,
அமுதவல்லி கோவிந்தராசு

*

ரூர்கேலா
12 ஜூன் 2007

பாசமுள்ள அக்காவுக்கு வணக்கம்.

எங்கள் இருவர் உடம்புக்கும் குறைவில்லை. கமலவேணி உன் பேங்க் கதையைப் படித்துச் சிரித்ததில் போயிருந்த இருமல் திரும்பி வந்துவிட்டது.

நம்பர் போட்டால் எனக்கு எழுத வராது. தோன்றியபடி எழுதுகிறேன். செப்டம்பருக்கு முன்னால் டீம்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கோல் கம்பம் பக்கம் நிற்பார்கள். நீ போய் அறிமுகம் செய்துகொள்ளாதே. ஆட்டம் முடிகிற வரைக்கும் காப்பி கொடுக்காதே. அவர்கள் தீபாவைக் கேட்கிற கேள்விக்கு நீ பதில் சொல்லாதே. இது உனக்குக் கஷ்டம், தெரியும். பிரெஞ்சில் தொண்ணூற்று இரண்டு மார்க் என்பதைச் சொல்லவே சொல்லாதே. விரல் உடைந்தால் யார் பார்ப்பார்கள், பரீட்சை நேரத்தில் ஆட்டம் வந்தால் எதை விடுவார்கள், இந்த இரண்டையும் மட்டும் நீ கேள். பெயர் கூப்பிடுகிறவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. போன வருஷம் கடைசியில் வந்த டீம்தான் முதலில் எடுக்கும். அதனால் முதல் பெயராக வருவது பெருமை என்றோ, கடைசியில் வருவது அவமானம் என்றோ குழந்தையிடம் சொல்லாதே.

இன்னொன்று. இந்த வருஷம் எல்லா மண்டலத்திலும் 1990 ஏப்ரல் ஒன்றாம் தேதிக்கு முன்னால் பிறந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று இங்குள்ள பிள்ளைகளின் படிவத்தின் பின்பக்கத்தில் பார்த்தேன். தீபா பிறந்த தந்தி போகிப் பண்டிகையன்று கைக்கு வந்ததாக எனக்கு ஞாபகம். எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்.

மருமகளுக்கு என் ஆசிகள்.

தம்பி,
இளஞ்செழியன்

*

முதலியார்பேட்டை
5 ஜூலை 2007

அன்புத் தம்பிக்கு,

இங்கு சுகம். வெயில் இன்னும் குறையவில்லை. மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைகள் எல்லாம் சாத்தியிருக்க, ஊர் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கிடக்கிறது. இதை அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே நடந்தது. போன சனிக்கிழமை ஒரு பெண்மணி கோல் கம்பம் பக்கம் வந்து நின்றாள். பெயர் சிவசங்கரி, ஒரு டீமின் மேனேஜர். நான் போய்ப் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும்தான் பிளாஸ்கைத் திறந்தேன். அவள் தீபாவிடம், "ஏம்மா, பந்தை எடுக்கிறதுக்கு முன்னாடியே எதிர்ப்பக்கம் பார்க்கிறியே, அங்க என்ன பார்க்கிறே?" என்று கேட்டாள். தீபா, "யாரு இல்லையோ அந்த எடத்தப் பாக்குறேன்" என்றாள். அந்தப் பெண்மணி குறிப்பு நோட்டை மூடிவிட்டு வெறுமனே அவளைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. விரலைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் கேட்டேன். விரலுக்கு டாக்டர் இருக்கிறார், பரீட்சை என்றால் ஆட்டத்தை விடுவோம் என்றாள். உண்மை பேசுகிற முகம்.

டைப் அடித்த பட்டியலும் வந்துவிட்டது. தீபாவின் எண் 43.

பகல் தூக்கத்தில் ஒரு கனவு. நம் தெருவெல்லாம் பச்சைப் புல் விரித்திருக்கிறது. வெள்ளைக் கோடுகள் வீட்டு வாசல்களைத் தாண்டிக் கடல்வரைக்கும் போகின்றன. தீபா நீலச் சட்டையில் பந்தைத் தட்டிக்கொண்டே போகிறாள். சத்தமே இல்லை. அலையும் புல்லாகவே இருக்கிறது. அவள் அதன்மேல் ஏறிப் போகிறாள், நான் பின்னால் நடக்கிறேன், என் செருப்பு நனையவில்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் சுவரெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

கமலவேணியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
அமுதவல்லி

*

ரூர்கேலா
24 ஜூலை 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் உன் கனவிலிருந்தே தெரிகிறது.

பதில் தாமதத்துக்கு நான் காரணமில்லை. எங்கள் பழைய தபால்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த பையன் உன் கடிதத்தை என் வீடான பி-11இல் போடாமல், நாலு தெரு தள்ளி பி-77இல் போட்டுவிட்டான். அந்த வீட்டு ஒரியாக்காரர் நேற்று கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பார்த்தேன். அவன்மேல் தப்பில்லை. உன் ஒன்று, கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்தபடி, தலையிலிருந்து கீழே நீளமாக ஒரு வால் இழுத்துக்கொண்டு நிற்கிறது. புதுச்சேரிக்கு வெளியே அதற்கு ஏழு என்று பெயர்.

இனிமேல் உறையில் 'பதினொன்று' என்று எழுத்தால் எழுதிவிடு. எழுத்தால் எழுதினால் யாரும் தப்பாகப் படிக்க முடியாது.

தீபா சொன்ன பதிலை இங்கே எங்கள் ஸ்டீல் பிளாண்ட் ஹாக்கி கோச்சிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணை எனக்குக் கொடுங்க" என்றார். வயது விஷயம் பார்த்தாயா? நீ ஒன்றும் எழுதவில்லை.

தம்பி,
இளஞ்செழியன்

*

முதலியார்பேட்டை
26 ஜூலை 2007

அன்புள்ள மாமாவுக்கு தீபலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது.

மாமாவும் அத்தையும் நலமா? நான் நலம். அம்மாவும் உடம்பளவில் நலம்.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். அம்மா பார்க்காததால் திருத்த ஆளில்லை.

ஜூலை பதினொன்றாம் தேதி சாயந்தரம் கோச் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தார், கூட டீம் பிள்ளைகள் எல்லாரும். "பொறந்தநாள் வாழ்த்துக்கள்டா!" என்று கத்தினார்கள். நான், "யாருக்கு சார்?" என்றேன். "உனக்குத்தான் லூசு. லிஸ்டுல பாத்தேன், பதினொன்னு ஏழு தொண்ணூறு" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். நான் பிறந்தது ஜனவரி பதினொன்று என்று என்னைவிட அம்மாவுக்குத்தானே தெரியும். அம்மா உள்ளே போய்க் கத்தி கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "வெட்டு" என்றார்கள். அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு, "ஏம்மா, இன்னிக்கு எனக்குப் பொறந்தநாளா?" என்று கேட்டேன். "தட்டை எடுத்துக் கழுவு" என்றார்கள்.

மாமா, டிக்டேஷனில் ஒரு கமா விட்டதற்கு எனக்கு அரை மார்க் குறைத்தவர்கள் அம்மா, சொந்தப் பெண் என்றுகூடப் பார்க்காமல். எனக்கு லீகில் ஆட வேண்டும். ராத்திரி பகல் அதுதான் நினைப்பு. செயற்கைப் புல்லில் பந்து எப்படிப் போகும் என்று நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா மைதானத்துக்கு வருவதில்லை. வந்தாலும் என்னைப் பார்ப்பதில்லை, தரையில் போட்ட கோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

நீங்கள் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அதனால் எழுதினேன்.

தீபா

*

ரூர்கேலா
4 ஆகஸ்ட் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். இங்கே நல்ல மழை. மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகள் ஒரு வாரமாகத் தாழ்வாரத்தில் சுவரோடு ஆடுகிறார்கள்.

உன் பதில் வரவில்லை. ஒருவேளை மறுபடியும் பி-77க்குப் போயிற்றோ என்று அந்த ஒரியாக்காரரைப் போய்க் கேட்டேன். இல்லை என்றார்.

நீ எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு விஷயமில்லை.

தம்பி,
இளஞ்செழியன்

*

முதலியார்பேட்டை
20 ஆகஸ்ட் 2007

அன்புத் தம்பிக்கு,

சுகம். உங்கள் இருவருக்கும் சுகம் கோருகிறேன்.

தீபா உனக்கு எழுதியிருக்கிறாள் என்பது உன் 'வேறு விஷயமில்லை'யிலேயே தெரிந்துவிட்டது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது.

நீ ஜூன் மாதம் கேட்டதற்கு இப்போது பதில். படிவத்தின் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளிடம், தாளைத் திருப்பிப் பார், திருப்பிப் பார் என்று சொன்னவள். உன் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். எண்பது நாள் முன்னால் பிறந்துவிட்டாள். கலியபெருமாளிடம் போய்ச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பட்டியல் வந்தது. அதில் 11-7-1990 என்றிருந்தது. நான் 11-1 என்று எழுதியதில், எழுபத்தேழாம் தேதி கிடையாது என்பதால் நாளை விட்டுவிட்டு, மாதத்தை மட்டும் ஏழென்று படித்திருக்கிறார்கள். கூட வைத்த பிறப்புச் சான்றைக் கையால் எழுதிய நகராட்சிக் கிழவரும் என் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிக்காரர், அதே வால். நாங்கள் ஏழு போட்டால் இடுப்பில் ஒரு கோடு போடுவோம். இடுப்பில் கோடில்லாதது எப்படி ஏழாகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டேன். அன்று மத்தியானம்தான் அந்தக் கனவு.

பொய் நான் எழுதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேக் வந்த அன்று அது போதவில்லை. ஆகஸ்ட் ஏழாம் தேதி, லீகை நடத்தும் ஹாக்கிச் சங்க அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். 'எண் 43, தீபலட்சுமியின் பிறந்த தேதி தங்கள் பட்டியலில் தவறாக உள்ளது. சரியான தேதி 11-1-1990. திருத்திக்கொள்ளவும்.' சுத்தமான தாளில், என் நல்ல பேனாவில் எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. அப்படியே தருகிறேன்: 'தாங்கள் குறிப்பிட்டுள்ள 11-7-1990 என்ற தேதியே எங்கள் பட்டியலிலும் உள்ளது. திருத்தம் தேவையில்லை.'

தம்பி, நான் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டு, தபால் ரசீதோடு சொல்லிவிட்டேன். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். நேற்றிலிருந்து உடம்பில் ஒரு கனமும் இல்லை. கடற்கரைச் சாலையில் நடக்கிறபோது காற்று என்னைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போகிறது. தீபாவிடம் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

உன் அக்கா,
அமுதவல்லி

*

ரூர்கேலா
28 ஆகஸ்ட் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கமலவேணியும் நலம்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். கமலவேணியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "உங்க அக்கா உறையில இப்ப வூட்டு நம்பர எப்படி எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

எடுத்துப் பார்த்தேன். பி-பதினொன்று. எழுத்தால் எழுதியிருக்கிறாய்.

சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் ஏன் எழுத்தால் எழுதவில்லை, அக்கா? கேட்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. எண்பது நாளில் யார் குடியும் முழுகிவிடாது. பல ஊரில் எண்பது மாதத்தையே மறைக்கிறார்கள். நான் மேனேஜராக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

தேர்வன்று தீபா பக்கத்தில் நீ இரு. எது நடந்தாலும் எழுது.

தம்பி,
இளஞ்செழியன்

*

முதலியார்பேட்டை
17 செப்டம்பர் 2007

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் ஊர் வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ கேட்ட ஒரு வரிக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்துதான் மூன்று வாரம் போயிற்று. தாள் வீணானது தவிர ஒன்றும் நடக்கவில்லை. இப்போது சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். அதிலேயே உன் பதிலும் இருக்கும்.

சென்னையில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில் ஆறு மேஜை. கீழே நாற்காலிகளில் பெற்றவர்களும் பெண்களும். ஏதோ ஊர்ப் பெண்கள் எல்லாரையும் ஒரே முகூர்த்தத்தில் கட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. எல்லாத் தகப்பன்மாரும் புதுச்சட்டை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எம் பொண்ணு பேரு வர்ற வரைக்கும் நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்க" என்றாள். முதல் சுற்றில் ஆறு பெயர். இரண்டாம் சுற்றில் சிவசங்கரி எழுந்து மைக்கில், "எண் நாற்பத்து மூன்று, புதுச்சேரி, தீபலட்சுமி கோவிந்தராசு" என்றாள்.

கைத்தட்டல் தூரத்தில் அலை மாதிரிக் கேட்டது. படி ஏறியது எனக்கு ஞாபகமில்லை. மேடையில் தீபாவுக்குத் தலைவழியே ஒரு நீலச் சட்டையை மாட்டினார்கள். பெரிய அளவு. கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. அவள் அதை மடித்துவிடவில்லை. அப்படியே துணியைத் தடவிக்கொண்டு நின்றாள். அவள் அப்பா போய் ஆறு வருஷத்தில் அந்தப் பெண் முகத்தில் நான் அப்படியொரு வெளிச்சம் பார்த்ததில்லை.

மேஜையில் இருந்த இளைஞன் ஒரு தாளை என்முன் நகர்த்தினான். "அம்மா, எல்லாம் டைப் பண்ணியாச்சு. இந்த ஒரு எடம் மட்டும் நீங்க எழுதி, கீழ ஒரு கையெழுத்து." பிறந்த தேதி, எண்ணால்: 11-7-1990. எழுத்தால்: கோடு போட்ட வெற்றிடம்.

தீபா என்னைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தாள்.

ஜூலை என்று எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தால் அதுதான் என் கையால் நான் எழுதிய முதல் பொய். அதுவரைக்கும் மற்றவர்கள் தப்பாகப் படித்தார்கள், நான் சும்மா இருந்தேன். பேனா தாளில் பட்டதும் கை தானாக எழுதிற்று என்று சொன்னால் நன்றாக இருக்கும். தானாக எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தெரிந்துதான் எழுதினேன். பதினொன்று, ஜனவரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

அந்த இளைஞன் எட்டிப் பார்த்து, "அம்மா, ஜூலைக்கு ஜனவரின்னு எழுதிட்டீங்க. பரவால்ல, அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதுங்க" என்றான்.

"அடிச்சு எழுதுற பழக்கம் எனக்கு இல்லப்பா" என்றேன்.

சிவசங்கரி வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். "ஏம்மா, இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னேன். படிக்க முடியாத மாதிரி சொன்னேன்" என்றேன்.

இதுதான் உனக்கும் பதில்.

அவள் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மேலிடத்தில் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன் என்று போனாள், இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். தீபா தானே சட்டையைக் கழற்றினாள். தையல் பக்கம் உள்ளே போகும்படி ஒழுங்காக மடித்து மேஜையில் வைத்தாள். மைக்கில் வேறு எண் கூப்பிட்டார்கள். தண்ணீர் குடிக்காத அம்மாளின் பெண். எங்களைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் தீபா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலை. கடல் மரங்களுக்கு நடுவில் வந்து வந்து போயிற்று. உப்பளங்களில் மாலை வெயில் பட்டு நிலமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. மரக்காணம் வரைக்கும் அவள் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அதற்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஜூன் மாதமே நான் நேராகச் சொல்லியிருந்தால், அவளுக்கு இழக்க ஒன்றும் இருந்திருக்காது.

பிறகு தலையை என் தோளில் சாய்த்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா."

"சொல்லு."

"நான் அந்த டீமுல ரெண்டு நிமிஷம் இருந்தேன் இல்ல?"

"நாலு நிமிஷம்" என்றேன். "மண்டபத்துக் கடிகாரத்தில் பார்த்தேன்."

உன் அக்கா,
அமுதவல்லி